நூற்று எண்பத்தேழு வோல்ட்

ஹப்புத்தளைக்கு மேலே, தேயிலை முடிகிற வளைவில்
பழைய துரை பங்களா; இப்போது விருந்தினர் விடுதி.
சமையலறையில் புதுப் போறணை,
தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வகை.
கதவு பூட்ட மறுக்கிறதென்று
பண்டாரவளைக் கடைக்குச் சொல்லி மூன்று நாள்.
நான் போன காலையில்
பனி சன்னல்வரை வந்து நின்றிருந்தது.

சமையல்காரர் செபமாலை
கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
துடைக்க ஒன்றுமில்லை.
"முனகல் மட்டும் வருது தம்பி.
பொறகு எஃப்பும் ஒம்பதும் மினுங்குது."

பிரேக்கரை இறக்கி ஐந்து நிமிடம் இருந்தேன்.
மறதி சில யந்திரங்களைக் குணப்படுத்தும்.
இதை இல்லை.
கம்பித் தட்டு விரல் அகலம் துருத்தியிருந்தாலும்
கதவு மூடியதாய் நமக்குத் தோன்றும்,
அதற்குத் தோன்றாது.
தட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினேன்.
ஓரத்து நார்ப்பட்டியைத் தடவினேன்; கிழிசல் இல்லை.
பூட்டுத் துவாரத்தில் கருகிய சீனி.
பழைய பல் பிரஷ்ஷும் வெந்நீரும்
அதைக் கரைக்கக் கால் மணி.

அப்போதுதான் கண்டேன்,
கொக்கி வளைந்திருந்தது.
தேய்ந்து வளைந்ததல்ல, நெம்பி வளைந்தது.
உலோகத்தில் பிறைபோல் ஒரு கீறல்.
அந்தப் பிறைக்கு அளவெடுத்த மாதிரி
இழுப்பறையில் கோணிக் கிடந்தது ஒரு கரண்டி.

நான் கேட்கவில்லை.
"எட்டு வெள்ளக்காரங்க மேசையில. பட்டர் கேக்.
நான் அமுக்குனது வேற பொத்தான்.
பூட்டிக்கிச்சு.
கண்ணாடி வழியா கேக்கு கறுக்கிறத
எவ்வளவு நேரந்தான் பாக்கிறது?"
மேனேஜருக்குத் தெரிந்தால் சம்பளத்தில் பிடிப்பாராம்.
மகளுக்கு இந்த வருடம் ஓ லெவல்.

கொக்கியை இடுக்கியில் பிடித்து
மூச்சை அடக்கி நிமிர்த்தினேன்.
ஸ்விட்சின் இரு கால்களில் மீட்டரை வைத்தேன்.
கீச்சென்றது; உயிரோடுதான் இருக்கிறது.
கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினேன்.
ம்ம்ம்ம்.
மறுபடி எஃப். மறுபடி ஒன்பது.
செபமாலையின் முகம்
அந்தக் கேக்கின் நிறத்துக்குப் போனது.

கடைசியாக, இணைப்புப் பெட்டியைத் திறந்து அளந்தேன்.
நூற்று எண்பத்தேழு.
இருநூற்று முப்பது இருக்கவேண்டிய இடத்தில்.
கீழே பெக்டரியில் ரோலர்கள் ஓடுகின்றன,
நேற்றுக் கிள்ளிய கொழுந்தை முறுக்கியபடி
மலையின் கரண்டையெல்லாம் இழுத்துக்கொண்டு.
பூட்டின் சிறு மோட்டார்
பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்கிறது.

"ரோலர் எப்ப நிக்கும்?"
"ரெண்டு மணிக்கு. எங்க வீட்டுக்காரி அங்கதான் வேல."

காத்திருந்தோம்.
விறகடுப்பில் ரொட்டி சுட்டார்,
கட்டச் சம்பலில் தேசிக்காய் பிழிந்தார்.
லயத்தில் தனக்கு நாற்பது வாட் பல்பு ஒன்றுதான் என்றும்
அது காலையில் சிவப்பாய்த்தான் எரியும் என்றும் சொன்னார்.
எதிர்ச் சரிவில் யாரோ மருந்தடித்தார்கள்.

இரண்டு பத்து. சங்கு கேட்கவில்லை.
சமையலறை பல்பு கொஞ்சம் வெளுத்தது,
அவ்வளவுதான்.
இருநூற்று இருபத்திரண்டு.
அழுத்தினேன்.
முனகல். ஒரு நெளிவு.
டக்.

சூடு ஏற ஏற வாசனை வந்தது:
பழைய நெய், பழைய இறைச்சி,
கடைசியில், எட்டுப் பேருக்கான அந்தக் கேக்.
"இனி தொறக்காதா?"
"ஆறினா தானாத் தொறக்கும். நாளைக்கு
ஒரு பிடி சாம்பல்தான் கிடக்கும், தொடைச்சிருங்க."

பில்லில் 'காரணம்' என்ற கோட்டில் எழுதினேன்:
மின்னழுத்தக் குறைவு.
பொய்யில்லை. முழுசுமில்லை.
மேனேஜர் மின்சார சபையைத் திட்டியபடி
கையெழுத்து வைத்தார்.

பைக்கில் இறங்கும்போது
சாமான் பெட்டியில் பழகாத சத்தம்.
தியத்தலாவைச் சந்தியில் நிறுத்திப் பார்த்தேன்.
இடுக்கிக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றி,
கோணிய கரண்டி.
எப்போது போட்டாரோ.
பண்டாரவளைவரை ஒவ்வொரு வளைவிலும்
அது தகரத்தில் தட்டிக்கொண்டே வந்தது.