உறவுமுறை

வண்ணார்பேட்டை பைபாஸில்
டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ்.
குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறோம்,
அம்பாசமுத்திரம் முதல் வள்ளியூர் வரை, எந்நேரமும்.
பதினொரு பெட்டி, மூன்று வண்டி, ஒரு வெப்சைட்.

"நூறு பேரு வந்தா அறுவது பேரு பாதியில போயிருதான்.
எங்க வச்சுப் போறான்னு பாத்துச் சொல்லு, ஜெபராணி"
என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி.
பட்டன் நிறந்தான் கோளாறு என்பது அவர் கட்சி.
"சிவப்பு வேண்டாம். மங்கலமா ஒரு பச்சை வையி."
ஷமீமா சிரிப்பை அடக்கக் குனிந்து
செருப்பைத் தேடினாள்.

அன்றிலிருந்து பகலில் நான் பார்ப்பதெல்லாம்
ராத்திரி வந்துபோனவர்களின் விரல்களை.
முகம் கிடையாது, குரல் கிடையாது.
தொட்ட இடத்தில் ஒரு வட்டம் தோன்றி மறையும்,
ஆற்றில் மழையின் முதல் துளி விழுந்த மாதிரி.
எழுதுவது எல்லாம் நட்சத்திரமாகத்தான் வரும்.
யார் பெயரையும் வாசிக்கக்கூடாதென்று
அந்த மென்பொருளுக்கே ஒரு மரியாதை.

என்றாலும் தெரிந்துவிடுகிறது.
இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில்
நாலு நட்சத்திரம்.
அழித்து, வெகுநேரம் சும்மா இருந்து,
பிறகு பதினொன்று.
வீட்டில் கூப்பிடுகிற பெயரை முதலில் எழுதிவிட்டு
ரேஷன் கார்டுப் பெயருக்கு மாறியிருக்கிறார்.

எத்தனை நாள் வேண்டும் என்பதில்
ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே அலைந்தது ஒரு விரல்.
மஸ்கட்டிலிருந்து மகனுக்கு எப்போது டிக்கெட் கிடைக்கும் என்று
என் படிவத்துக்கு எப்படித் தெரியும்?

முக்கூடல் பக்கமிருந்து திங்கட்கிழமைதோறும் ஒரு போன்.
விலையை மட்டும் பார்க்கும், போய்விடும்.
ஐந்தாம் திங்கள் வரவில்லை.
புக்கிங் நோட்டைப் புரட்டினேன். முக்கூடல் இல்லை.
பிழைத்துக்கொண்டார்களா,
வேறு கடைக்குப் போனார்களா.

ஐப்பசியில் ஒரு வியாழன், ராத்திரி இரண்டு பதினேழு.
கல்லிடைக்குறிச்சி.
பெயர் போட்டாயிற்று, தெரு போட்டாயிற்று.
இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?
மகன், மகள், கணவர், மனைவி,
சகோதரர், சகோதரி, மருமகன், பேரன்.
நான்தான் எழுதினேன் அந்தப் பட்டியலை,
ஒரு மத்தியானம்,
புளிச்சோறு தின்றுகொண்டே, அஞ்சு நிமிஷத்தில்.

விரல் மனைவியைத் தொட்டது.
உடனே திறந்து சகோதரி என்று மாற்றியது.
மேலே ஏறி, போட்ட பெயரைப் பார்த்துவிட்டு
இறங்கி வந்து மறுபடி திறந்தது.
மூடியது. திறந்தது.
பதினேழு தடவை எண்ணினேன்.
பட்டியல் வாயைத் திறந்தபடி கிடக்க
பதிவு முடிந்துபோனது.

அந்த இடத்தில் மென்பொருள் ஒரு சிவப்புக் கொடி குத்தி
'எரிச்சல்' என்று குறித்திருந்தது.
எரிச்சலா அது?

"உறவு கேக்கிற கட்டத்தை எடுத்துருவோம் அண்ணாச்சி."
"யாரு என்னன்னு தெரியாம எப்படிட்டி பெட்டி அனுப்ப?"
வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே
இசக்கிதுரை சொன்னான்:
"நான் போற வீட்டுல ஒண்ணுதான் கேப்பேன்,
பிளக் பாயிண்ட் எங்க இருக்குன்னு.
ரூவாயை, அழாம நிக்கிற ஆளுகிட்ட வாங்கிக்கிடுவேன்."

எடுத்தோம்.
அறுபது முப்பத்தெட்டாகக் குறைந்தது.
பச்சைதான் காரணம் என்று
அண்ணாச்சி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முப்பது நாளில் பதிவுகள் தாமாக அழிந்துவிடும்.
இருபத்தொன்பதாம் நாள், எல்லோரும் டீக்குப் போனபிறகு,
கல்லிடைக்குறிச்சியை இன்னொரு தடவை ஓடவிட்டேன்.
பட்டியல் வருமுன்னே நிறுத்திவிட்டேன்.

பெயர்க் கட்டத்தில் ஒன்பது நட்சத்திரம்.
முதல்முறை நான் கவனிக்கவில்லை.
நிற்காமல், ஒரே மூச்சில்,
ஓர் எழுத்தைக்கூட அழிக்காமல்
போட்டிருந்தது அந்த விரல்.