மைமல் மான்

வைகாசி பதினொன்றிலிருந்து
எங்கள் வாவிக்கு மைமல் வரவில்லை.
ஆறு இருபது வரை வெயில்,
மறுகா சுவிட்சை அணைத்தாற்போல் இருட்டு.
இடையில் ஒன்றுமில்லை.
எப்போது கூடு திரும்புவதென்று தெரியாத கொக்குகள்
தண்ணீரிலேயே விறைத்து நின்றன.
மல்லிகை மொட்டாகவே உதிர்ந்தது.

எழுவானார் களவெடுத்தார்கள் என்றது படுவான்கரை.
சூரியன் விழுவது அவர்கள் பக்கம்,
அவர்களைக் கேளுங்கள் என்றது எழுவான்கரை.

மைமலைக் கொம்பில் சுமக்கிற மானை
ஒரு கரைக் கண்ணால் பிடிக்க இயலாதாம்.
கரைக்கு ஒருவர். ஒரே தோணி.
அம்பிளாந்துறையிலிருந்து நான்.
குருக்கள்மடத்திலிருந்து,
வேறு யார், யதுர்சன்.

தோணி ஓட்டத்தில் ஒரு முழத்தால் என்னை வென்றவன்.
அடுத்த வருடம் அவன் சவளில் நான் கிறீஸ் பூசினேன்.
உயர்தரத்தில் நூறில் இரண்டு பங்கு இசட் புள்ளி
என்னைவிடக் கூட எடுத்துவிட்டு
பாதையில் எதிரே வந்து
"கவலப்படாத கா" என்றவன்.
(பாதை என்றால் எங்களுக்குத் தெருவல்ல.
இரண்டு கரைக்கும் நடுவே மிதக்கிற இரும்பு.
ஏறிவிட்டால் யாரும் யாரையும் தவிர்க்க முடியாது.)

முதல் இரவு பேசவில்லை.
இரண்டாம் இரவு, சுருக்குக் கயிறு
யார் கையில் என்று சண்டை.
மூன்றாம் இரவு
தண்ணீர்மேல் நான்கு கால்கள் நடந்து வந்தன.
கால்கள் மட்டும்.
குளம்பு பட்ட இடமெல்லாம் செம்மஞ்சளாய்க் கலங்கிற்று.

"அந்தா, கால்!"
"கால் எங்க? கொம்பெல்லோ நிக்குது."

எனக்குப் பாதி மான். அவனுக்கு மீதி.

"எந்தப் பக்கம் பாக்குது?"
"வடக்க. காதை விடைக்குது. பயப்படுது."
"முன்னங்கால் மடிக்குது, பாயப் போகுது, கிறுகு!"
கிறுகினோம். தப்பிற்று.
கிறுகினோம். தப்பிற்று.
"இமை மயிரில தண்ணி நிக்குது" என்றான் ஒருமுறை,
யாரும் கேட்காமலே.
அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கண்டலுக்குள் துரத்தினோம்.
வழியை மறித்த தில்லைக் கொப்பை
நான்தான் ஒடித்தேன்.
பால் தெறித்தது அவன் கண்ணில்.
அவன் கத்தவில்லை.
"மான் போயிற்றா?" என்றுதான் கேட்டான்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம்
கண்ணில் ஊற்றினேன், என் போத்தல், மறுகா அவனுடையது.
அவன் தலை என் மடியில் எப்போது வந்ததென்று
இன்றைக்கும் தெரியாது.
"கிறீஸ் பூசினது நீதானே?"
"ஓம்."
"தெரியும். கழுவாத கையோட வந்து
எனக்குக் கைகொடுத்தாய்."

நிமிர்ந்தேன்.
மான் நின்றது. முழுதாய்.
கொம்புக் கிளைகளில் ஊதா சிக்கியிருந்தது.
இமையில் தண்ணீர், அவன் சொன்னபடி.
ஆனால் அது பயப்படவேயில்லை.
பயந்தது அவன்தான் போல.

சுருக்கு என் கையில்.
கரை சேர்த்தால் மைமல் முழுக்கப் படுவானுக்கு.
"எறி" என்றான், கண்ணை மூடியபடி.
"நீதான் வெண்டாய்."

அவன் தோற்பதை எத்தனை இரவு
கனவு கண்டிருப்பேன்.

கயிறு தாழ்வதை வாவி சத்தமில்லாமல் பார்த்திருந்தது.
மான் நடுவாவிக்குப் போய்
எந்தக் கரைக்கும் முதுகு காட்டாமல் நின்று
தண்ணீர் குடித்தது.

இப்போது மைமல் பதினொரு நிமிடம்.
இரண்டு கரைக்கும் போதவில்லை.
அவள் கெடுத்தாள் என்கிறது அந்தக் கரை,
அவன் கெடுத்தான் என்கிறது இந்தக் கரை.
நாங்கள் மறுப்பதில்லை.

கடைசிப் பாதை ஆறு பத்துக்கு.
நடுவே போகும்போது கம்பியில் சாய்ந்து,
சற்றே மங்கிய வலக்கண்ணைச் சுருக்கி,
"கால் தெரியுதா?" என்பான்.
"ஓம், கால் மட்டும்" என்பேன்.

முழு மானும் தெரிகிறது.
சொன்னால்
கொம்பை எனக்கு விவரிக்கமாட்டானே.