பூனை நாக்கு

சோம் ஆற்றுச் சரளைக் குழியில்
இருபதடிக்குக் கீழே அகப்படும் கல்லை
பூனை நாக்கு என்போம் நாங்கள்.
பட்டணத்துப் பெரியவர் வேறு பேர் சொல்வார்.
பேருக்கா கூலி?
ஒன்றுக்கு நாலு காசு,
நுனி முறியாதிருந்தால் ஆறு.

அந்த மழைக்காலம் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை.
ஒரு யானைப் பல் வந்தது,
தொட்டதும் உதிர்ந்தது.
ரொட்டிக்கடையில் ஸெலி
மூன்று வாரமாகக் கடன் சொல்லிக்கொண்டிருந்தாள்.
இரவில் கொட்டகையில் உட்கார்ந்து
நானே செதுக்கத் தொடங்கினேன்.

பொய்க்கும் பக்குவம் வேண்டும்.
புதிதாய் உடைத்த கல் கறுப்பாக
ஈரக் கண்போல மின்னிக் காட்டிக்கொடுக்கும்.
செம்மண் குழைத்துப் பூசி
கணப்போரம் காயவைத்து
குழிச்சுவரில் செருகிவிட்டு
மறுநாள் நானே கண்டெடுத்து
நானே கூவுவேன்.
தொப்பி பறக்க ஓடிவருவார் பெரியவர்.

உலகுக்கு வயது ஆறாயிரம் என்பார் பாதிரியார்.
அதற்கும் முன்னே என்பார் பெரியவர்.
எத்தனை முன்னே என்றால்
பக்கத்து யானை எலும்பைக் காட்டுவார்,
அது ஏதோ சாட்சி சொல்லப்போவதுபோல.

எனக்கு ஒரே இடத்தில்தான் தோல்வி:
இடது விளிம்பு, நுனிக்கு மூன்று விரல் மேலே.
அங்கே ஒரு திமில் நின்றுவிடும்.
அடித்தால் போகாது.
ஆத்திரத்தில் இன்னும் ஓங்கி அடிப்பேன்,
படிப்படியாய் நொறுங்கி
திமில் அப்படியே நிற்கும்.
ஸெலி உள்ளிருந்து கேட்பாள்:
யாரைத் திட்டுகிறாய், ஃபுல்ஜான்ஸ்?

மார்ச்சில் பனி இளகி
குழியின் அடிச்சுவர் சரிந்தது.
ஒரு கல்.
பூசாத மஞ்சள், தேய்க்கத் தேய்க்கப் போகாத மஞ்சள்.
இடது விளிம்பில் திமில்.
அதைச் சுற்றி நொறுங்கிய படிகள்.
எண்ணினேன், ஏழு அடி.
முதல் இரண்டும் பொறுமையாக.
மற்ற ஐந்தும் எனக்குத் தெரியும் எப்படி அடித்தான் என்று.
பிறகு வீசியிருக்கிறான்.

குழியில் வேறு யாருமில்லை.
சிரிப்பு வந்தது எனக்கு, சத்தமாகவே.

பெரியவர் கழுவிக்கூடப் பார்க்கவில்லை.
முந்தின வாரம் அவர் தொட்டித் தண்ணீரில்
என் நாலு கல்லின் நிறம் கரைந்திருந்தது.
திமிலை விரலால் தடவினார்.
"இது உன் கை" என்றார்.
இல்லை ஐயா என்றேன்.
அதற்குள் வண்டி ஏறிவிட்டார்.

இப்போது அது எங்கள் அடுக்களையில்
பால் சட்டி மூடிமேல் கனம்.
நல்ல கனம்.
பூனை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது,
சில சமயம் கல்லை நக்கிப் பார்க்கிறது,
போகிறது.