நூலில் இல்லாத நூல்

ஆர்டித் தீப்பெட்டியைத் திறந்து நீட்டினாள்.
தோல் மருத்துவர் அதற்குள் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
பெட்டியோடு வருகிறவர்களுக்கு
அவர்கள் படிப்பில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டாம்.
அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பஞ்சின் மேல் ஏழு இழைகள்.
நான்கு நீலம். ஒன்று சிவப்பு.
மற்ற இரண்டும்
வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் இருப்பவை.

"உங்களுக்கு என்ன தொழில்?"
சிங்கறால் பிடிக்கிறேன் என்றேன்,
லூனன்பர்க் கரையில் இருநூற்றைம்பது கூடு,
கூட்டுக்குப் பதினைந்து பாகம் கயிறு.
"கயிறு என்ன நிறம்?"
நீலம்.
பேனாவை எடுத்தார்.
கீழிருந்து எழுத்தைத் தலைகீழாகப் படிக்க
எனக்கு வரும், அவருக்கு அது தெரியாது.
மாயை என்று எழுதினார்.

வீடு வரும்வரை வைப்பர் மட்டும் பேசியது.

அந்த வாரமே கயிற்றையெல்லாம்
தம்பி வில்லிஸின் கொட்டகைக்கு ஏற்றினேன்.
ஆரஞ்சு வாங்கினேன், கடனுக்கு.
சட்டையை வாசலிலேயே கழற்றி
பிப்ரவரிக் குளிரில் உதறி நின்றேன்.
பக்கத்து வீட்டு ஐசனர் கையசைத்தான்,
வேறென்ன செய்வான்.
ஒன்பது வாரம்.
நீலம் வந்துகொண்டே இருந்தது,
முன்கையில், தோள்பட்டையில்,
அவள் கையே எட்டாத முதுகின் நடுவில்.

ஒரு ராத்திரி அவள் தூங்கியதும்
(தூக்கமா அது, சொறிவதை நிறுத்திய நேரம்)
என் கயிற்றின் இழையைக் கொளுத்தினேன்.
உருகி மணியாய்த் திரண்டது.
அவள் இழையைக் கொளுத்தினேன்.
கருகியது, முடி வாடை.
இது சான்றா?
ஒரு லைட்டர், ஒரு சமையலறை,
மீன் நாற்றமெடுத்த ஒருவனின் மூக்கு.
யாரிடம் கொண்டுபோய்ச் சொல்ல?

அவளை நான் எப்போதும் நம்பினேன்
என்று எழுத ஆசைதான்.
முதலில் கயிற்றைச் சந்தேகித்தேன்,
பிறகு அவளை,
அவளுக்குத் தெரியாமல் நகங்களை
வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.
கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். சரி.
தோலுக்கு அப்படி ஒரு பழமொழி உண்டா?

மூன்று கோடைக்கு முன்
நீலநெற்பெர்ரி பறிக்கப் போன மேட்டில்
முழங்கால் மடிப்பில் ஒன்று ஒட்டியிருந்தது,
எள்ளளவு.
உண்ணி. பெயரே தொழில்.
சுற்றிச் சிவந்து வளையம் விழுந்தது, மறைந்தது,
மறந்தோம்.
பிறகு ஒரு ஆய்வகம் ஆம் என்றது,
ஒன்று இல்லை என்றது,
மூன்றாவது இன்னொரு முறை ரத்தம் கேட்டது.

பிரிட்ஜ்வாட்டரில் ஓடெட் மெலன்சன்,
தலைமயிரை ரப்பர் பாண்டில் கட்டிய மருத்துவர்.
பெட்டியைக் கேட்கவில்லை.
முழங்கையை மடியில் வைத்து
விளக்குள்ள கண்ணாடியால் பார்த்தாள்.
நேரம் போனது. வெளியே ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.
"இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை" என்றாள்.
"நூலில் இதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது,
இரண்டும் சண்டை போடுகின்றன.
உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து தருகிறேன்,
புண்ணுக்கும் தூக்கத்துக்கும் தருகிறேன்.
கேட்காமலும் இருக்கலாம்.
மனநல மருத்துவரையும் பாருங்கள்,
நான் உங்களை அனுப்பிவிடுவதற்காக அல்ல,
இவ்வளவு நாள் தூங்காதவர் யாரையும் அனுப்புவேன்."

ஆர்டித் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.
அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டு,
"எத்தனை மணிக்கு ஒரு மாத்திரை?" என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் தாளைப் பிரித்தாள்.
தோல் புண்கள். நார்கள் காணப்பட்டன.
காணப்பட்டன,
விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தபடி
ஹீட்டர் சூடாகும்வரை இருந்தாள்.

தோள்பட்டை ஆறிவிட்டது.
முன்கை ஆறவில்லை.
மருந்தா, தூக்கமா, அந்தக் கண்ணாடியா,
கேட்டால் எனக்கும் தெரியாது.
நேற்று முதுகிலிருந்து ஒன்று எடுத்தேன்,
நான்தான் எடுத்தேன், இடுக்கியால்,
நீலம்.
"இருக்கிறதா?" என்றாள்.
இருக்கிறது என்றேன்.
தீப்பெட்டி நிரம்பியிருந்தது.
உப்பு டப்பாவைக் காலி செய்யப் போனேன்.