பூஜ்யம் புள்ளி மூன்று

பழைய பேட்டரிகளை இறக்கும்போது
டெஸ்மண்ட் சொன்னான்: சினை ஆட்டின் கனம்.
ஆடு தூக்கிய தோள், அதற்குத் தெரியும்.
முனைகளில் பச்சை உப்புப் பூத்த ஈயப் பெட்டிகள்,
பாதி தீர்ந்ததுமே படுத்துவிடுகிற சோம்பேறிகள்.
புதியது லித்தியம். நானே தூக்கி வைத்தேன்.
விலையைத்தான்
இரண்டு பேரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

ஓமராமாவில், கம்பளி மூட்டை அடுக்கும் கொட்டகையில்,
ஜூன் மாத உறைபனி பூட்ஸுக்குள் ஏற ஏற
பதினோரு நாள் வேலை.
சுண்டுவிரல் தடிமனில் செம்பு வயர்.
அதன் நுனியை நசுக்கிப் பூட்டும் இடுக்கி
என் முழு எடையையும் கேட்டது; கொடுத்தேன்.
கூரையில் நான்கு சோலார் தகடுகள்.
இந்தத் தேசத்தில் சூரியன் வடக்கே ஒதுங்கி நடக்கிறது,
கடன் வாங்கியவன் தெருவோரமாய்ப் போவதுபோல.
எங்கே நிறுத்தினாலும் இனி
அதன் முகம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

சுவருக்குள்ளிருந்து ஓர் ஒல்லி வயர் வந்தது.
நிறம் வெளுத்திருந்தது. சீட்டு எதுவும் ஒட்டியில்லை.
இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.
எங்களுக்கு முன் வண்டி யாருடையதோ,
அவருக்கு முன் வேறு யாருடையதோ.
இருந்தது இருக்கட்டும் என்று
அதற்கும் ஒரு ஃபியூஸ் வைத்து வரிசையில் சேர்த்தேன்.

அவன் கேட்டது டோஸ்டர் ஒன்றுதான்.
எண்பது ஆம்பியர் குடிக்கும், டெஸ்.
மூன்று நிமிடம்தானே.
மூன்று நிமிடத்துக்கு நான்கு ஆம்பியர்-மணி.
இரண்டு துண்டு ரொட்டி, நைரி, இரண்டே துண்டு.
முப்பது வருடத்தில் பணத்துக்குக்கூட
இவ்வளவு துல்லியமாய் நாங்கள் சண்டை போட்டதில்லை.

முதல் இரவு பென்மோர் ஏரிக்கரையில்.
அணைக்கட்டு நீரை இடித்து மின்சாரமாக்கி
மலைமேல் கோபுரம் கோபுரமாய் ஏற்றி
கடலுக்கு அப்பாலுள்ள தீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.
ஆறு நிறையப் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும்.
நாங்கள் கம்பிகளுக்குக் கீழே படுத்து
எங்கள் துளிகளை எண்ணினோம்.

ஃபிரிட்ஜை அணைத்தோம்.
வெளியே இருந்த குளிர் அதைவிட நன்றாகவே வேலை செய்தது.
பம்ப், ஹீட்டரின் விசிறி, அவன் ரேடியோ,
எல்லாம் நின்றபின்னும்
மீட்டரில் 0.3.
யாரோ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவிளக்கு கட்டிக்கொண்டு
ஒவ்வொரு ஃபியூஸாய்ப் பிடுங்கினேன்.
0.3. 0.3. 0.3.
ஒல்லி வயரின் ஃபியூஸைத் தொட்டேன்: 0.0.
திரும்பச் செருகினேன்: 0.3.

அலமாரியின் பின்பலகையை டெஸ் கழற்றினான்.
உள்ளே, சுவருக்கும் பலகைக்கும் நடுவே, முழங்கை அகலத்தில்
ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.
கண்ணாடி பழுத்து, வெளிச்சம் தேநீர் நிறத்தில்.
இணைப்பைச் சுற்றியிருந்தது மின்நாடா அல்ல,
காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி.
சுவிட்ச் இல்லை. அணைப்பதற்கென்று எதுவுமே இல்லை.
கீழே ஒன்றும் வைத்திருக்கவில்லை. நான் தடவிப் பார்த்தேன்.
தூசி, வெதுவெதுப்பான தூசி.

எதற்காக என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்,
ஈரம் சேராமலிருக்க, எலி வராமலிருக்க.
அவன் வேறு கணக்குப் போட்டான், உதடு அசைய:
இரவு பதினான்கு மணி நேரம். பெருக்கல் புள்ளி மூன்று.
நான்கு புள்ளி இரண்டு.
இது என் ரொட்டி, என்றான்.

இடுக்கியை என்னிடம் நீட்டினான்.
நான் வாங்கவில்லை.
அவனே வெட்டினான்.
பல்பு அணைந்த பிறகும் ஒரு நொடி
இழை சிவப்பாய் இருந்தது.

காலையில் ஏரி உறையாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
டோஸ்டர் சரியாக மூன்று நிமிடத்தில் துள்ளியது.
யாருடையதோ அந்த வெளிச்சம்.
வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம்.