நான்தான் டீசல் ஊற்றவில்லை

செம்பவாங்கில் ஒரு சாலை இருக்கிறது.
நேராக வரும். திடீரென்று
யாருக்கோ மரியாதை செய்வதுபோல்
இடப்பக்கம் ஒதுங்கி
ஒரு தெம்புசு மரத்தைச் சுற்றிக்கொண்டு
மறுபடி நேராகப் போகும்.

மரம் புல்டோசரை மறித்த கதையை
டாக்சிக்காரர்கள் அங்கே
மீட்டரோடு சேர்த்து ஓட்டுவார்கள்.

மறித்தது மரமல்ல.
எண்பத்து நாலு, மழைக்காலம்.
முந்தின இரவு ஆ ஹூவாட் மகனுக்கு மாத விருந்து.
சிவப்பு முட்டை ஆறு,
பீர் எத்தனை என்று நினைவில்லை.
விடிந்ததும் டீசல் ஊற்றாமல்
ஏறி உட்கார்ந்துவிட்டேன்.
நாலடி போனது. இருமியது.
மரத்துக்கு ஒரு முழம் முன்னால்
மூச்சை விட்டது.

ஃபோர்மன் கோ ஓடி வந்து "கெனாப்பா?" என்றார்.
ஒரு நாள் சம்பளம் போகும்.
வாயில் வந்தது இதுதான்:
"மரம் விடமாட்டேங்குது, தவுக்கே."

சிரிப்பார் என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.
ரோஸ்லான் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

மத்தியானத்துக்குள்
மஞ்சள் துணி, ஆரஞ்சு மூன்று, ஊதுவத்தி.
கும்பிட்டவர்களில் நானும் ஒருவன்.
கும்பிடாமல் எப்படி?
"உன்னைத் தொடமாட்டோம், சுற்றிப் போகிறோம்" என்று
கோ மரத்திடம் பேசி முடித்தார்.

அந்த ராத்திரி யாருக்கும் தெரியாமல்
இரண்டு டின் டீசல் தூக்கிப் போய் ஊற்றி
குழாயில் அடைத்த காற்றையும் எடுத்துவிட்டேன்.
நான் செய்த தப்பு அதுதான்.
காலையில் சாவியைத் திருப்பியதும்
ஒரே உறுமலில் கிளம்பியது வண்டி.
மூன்று பேர் அழுதார்கள்.

பிறகு கதை என்னைக் கேட்காமல் வளர்ந்தது.
சீனப் புத்தாண்டுக்குள் புல்டோசர் இரண்டானது.
தீபாவளிக்குள் ஒன்று மண்ணில் புதைந்தது.
வண்டி நம்பரை நாலு நம்பரில் எடுத்து
பீஹூன் விற்கும் அக்கா
ஆறுதல் பரிசு அடித்தாள்;
மரத்தடியில் கூரை முளைத்தது.

பெண்டாட்டி பரிமளத்திடம் உண்மையைச் சொன்னேன்.
"குடிச்சிட்டு உளறாதே" என்றாள்.
வெள்ளிக்கிழமை தவறாமல்
அங்கே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான்
வேலைக்குப் போவாள்.

ஒருநாள் கோப்பிக்கடையில் பக்கத்து மேசை சொன்னது:
"அந்த டிரைவர் அன்னிக்கு ராத்திரியே
ரத்தம் கக்கிச் செத்துட்டான்."
"பேரு?" என்றேன்.
"ராஜுவோ ராமுவோ. பாவம், சின்ன வயசு."
சன்னாசி என்று திருத்த வாயெடுத்தேன்.
செத்தவன் குறுக்கே பேசுவது அழகில்லை.
தே ஓ ஆறுவதற்குள் குடித்து முடித்தேன்.

போன மாதம் சமூக மன்றத்தில் கூட்டம்.
சாலையை நிமிர்த்தப் போகிறார்களாம்.
ஹுய் லிங், இளம் இன்ஜினியர்,
வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு
விவரம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றாள்.
எழுபத்து மூன்று வயதில்
முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நான்தான் டீசல் ஊற்றவில்லை."

கூடம் ஒரு நொடி அடங்கி
பிறகு கூரை அதிரச் சிரித்தது.
"அங்கிள், ஆகாசப் புளுகுக்கும் ஒரு அளவு இருக்கு."
இது பின்வரிசை.
"அந்த டிரைவர் எப்பவோ செத்தாச்சு."
இது முன்வரிசை.
ஹுய் லிங் மட்டும் சிரிக்காமல் குறிப்பெடுத்தாள்.
எட்டிப் பார்த்தேன்:
மரம் டீசல் குடிக்கும், ஒரு முதியவர் தகவல்.

மின்ஸ்கூட்டரில் அந்த வழியே திரும்பினேன்.
வளைவில்,
மரத்துக்கு ஒரு முழம் முன்னால்,
விளக்கு மங்கி நின்றது.

காலையில்தான் முழுசாக சார்ஜ் போட்டிருந்தேன்.
சத்தியமாக.
நம்பாவிட்டால் போங்கள்.