ஆறு புள்ளி எழுத்து

லேவார்டனில் நவம்பர் மாதம்
நாலு மணிக்கே கால்வாய் கறுத்துவிடும்.
விளக்கைப் போட்டுக்கொண்டு மெய்ப்பு பார்க்கிறேன்.
சத்துணவு ஆய்விதழ், குளிர்கால எண்.
காற்புள்ளி, மேற்கோள் எண், அட்டவணைக் கோடு,
இவை என் வேலை.
கருத்து என் வேலை இல்லை.

காலையில் பழச்சுவைத் தயிர் சாப்பிட்ட குழந்தைகள்
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அட்டவணை மூன்றில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மீதிப் பதினான்கு பேர் எங்கே என்று
ஓரக்குறிப்பில் கேட்டேன்.
'அன்புள்ள ஃபெம்கே, அவர்கள் நெறிமுறைக்கு உட்படாதவர்கள்'
என்று பதில் வந்தது,
ஞாயிற்றுக்கிழமை, இருபதே நிமிடத்தில்.
எந்தப் பேராசிரியரும் எனக்கு
அத்தனை வேகமாக எழுதியதில்லை.
கையெழுத்து அவருடையதுதான்.
அனுப்பிய முகவரி தயிர்க்காரருடையது.

ஆய்வுச் சுருக்கத்தில் 'பசியைக் குறைக்கலாம்' என்றிருந்தது.
முடிவுரையில் 'குறைக்கும்'.
கூடவே யாரோ தவறுதலாக இணைத்துவிட்ட
செய்திக்குறிப்பில் 'குறைக்கிறது'.
சீட்டு எடுக்காத பயணி மாதிரி
ஒரு 'லாம்' வழியில் எங்கோ இறங்கிவிட்டது.
தேடிப் பிடித்து
முடிவுரையில் திரும்ப ஏற்றிவைத்தேன்.
இலக்கணத் திருத்தம் என்று குறித்தேன்.
பொய்யில்லை.

என் தம்பி சீட்சேவுக்கு எழுபது கறவை.
பால் போவது அதே ஆலைக்கு.
வீட்டுக் கடன், புதுக் கொட்டகை, மகளின் பல்கம்பி
எல்லாம் அந்த லாரியில்தான் ஏறிப் போய்த் திரும்பி வருகின்றன.
அந்தப் பல்கம்பிக்காரி படிப்பது
ஆய்வு நடந்த பள்ளிகளில் ஒன்றில்.
பாதித் தயிரை வாத்துகளுக்குப் போட்டுவிட்டேன் அத்தை,
ஸ்ட்ராபெரி நாறியது என்றாள் கோடையில்.
வாத்துகளை எந்த அட்டவணையிலும் காணோம்.

கடைசியில் நிதி அறிவிப்பு.
ஆறு புள்ளி எழுத்து.
பூசணிக்காயை மறைக்க இங்கே
சோறுகூடத் தேவைப்படவில்லை.
'நிதியளித்தோருக்கு ஆய்வின் வடிவமைப்பில் பங்கில்லை.'
இருக்கட்டும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்.
சர்க்கரை இட்டவரை
எந்தப் பக்கத்தில், எத்தனை புள்ளியில் நினைப்பது?

ஆறை ஒன்பதாக்கினேன்.
என் அதிகாரத்துக்கு உட்பட்டது அவ்வளவுதான்.
இரண்டு வரிகள்
அடுத்த பக்கத்துக்கு வழிந்தன.
அடுத்த பக்கம்
விளம்பரத்துக்கு விற்றாகிவிட்டது:
வெள்ளைக் கிண்ணம், கரண்டி,
சிரிக்கும் குழந்தை,
ஒரு பழம்.

அச்சகத்திலிருந்து தொலைபேசி அடிக்கிறது.
இன்னும் எடுக்கவில்லை.